தாரா இறகு ஜக்கெட் காய்ந்த நாள்

முறிகண்டிப் பிள்ளையார்மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய்யென்றால் இந்தப் போகம் என் வயலில் பன்றி இறங்கட்டும். பன்றி போன கிழமையே இறங்கிவிட்டது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

என் மகன் நிரஞ்சன் பிரான்சிலிருந்து மூன்று கிழமை லீவில் ஜெயபுரத்துக்கு வந்திருந்தான். அங்கே ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் கிழங்கு பொரிக்கிற வேலை. வந்து இறங்கியபோது கையில் ஒரு கறுப்பு ஜக்கெட். அந்த நாட்டுக் குளிருக்குப் போடுவது. பஞ்சுக்குப் பதிலாக உள்ளே தாரா வாத்தின் மெல்லிறகு அடைத்திருக்கும். மூன்று கிழமையும் அது கொடியில் தொங்கியது. அதைச் சுற்றி எப்போதும் பொரித்த எண்ணெய் மணம். எங்கள் நாய் அதன் கீழேயே கிடந்து, மூன்று கிழமையில் கன்றுக்குட்டியளவு கொழுத்துவிட்டது. வெறும் மணத்திலேயே.

அவன் திரும்பிப் போகிற நாளும் விடிந்தது. பகல் இரண்டு மணிக்கு வான் வரும் என்று பேச்சு. என் மனைவி வடிவம்மா குசினியில் மிளகாய்த்தூள் பொதி கட்டிக்கொண்டிருந்தாள். நிரஞ்சன் குளத்துக்குக் குளிக்கப் போயிருந்தான். எனக்கென்று ஒரு வேலையும் இல்லை. பிள்ளை பயணம் போகிற நாளில் தகப்பன்மாரிடம் யாரும் எதையும் தருவதில்லை. ஒரு கயிற்றைக்கூடப் பிடிக்கச் சொல்வதில்லை. ஆகவே ஜக்கெட்டைத் தோய்த்தேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எழுபத்தேழுக் கலவரத்தோடு இந்தப் பக்கம் வந்தோம். மலைக்குளிருக்குப் போர்க்கிற கம்பளியை எங்கள் ஆட்கள் கையால் தோய்ப்பதில்லை. தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்போம். குளிருக்குப் போடுவதெல்லாம் கம்பளிதானே என்று எண்ணி, நெல் அவிக்கிற கிடாரத்தில் தண்ணீர் நிரப்பி, சவர்க்காரம் சீவிப் போட்டு, ஜக்கெட்டை இறக்கி, நானும் ஏறி நின்றேன். அது அமிழமாட்டேன் என்றது. ஒரு கையை மிதித்தால் மற்றக் கை எழும்பி என் கணுக்காலைப் பிடித்தது. அரை மணி நேரம் மல்லுக்கட்டியபின் திடீரென்று மனம் மாறி, கிடாரத்துத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டது. வெளியே இழுத்தபோது ஒரு மூட்டை நெல்லின் பாரம். அவித்த நெல்லைப் பரப்புவதுபோல முற்றத்துப் பாயில் பரப்பி, காலால் துழாவிவிட்டேன். இறகெல்லாம் கீழ் விளிம்பில் கொழுக்கட்டை கொழுக்கட்டையாகத் திரண்டு கிடந்தது. மேற்பக்கம் வெறும் துணி. நனைந்த தாராவின் மணம் ஊரெல்லாம் போனது. குளத்திலிருந்து பதினேழு தாராக்கள் வரிசையாக வந்து, பாயைச் சுற்றித் தலைகுனிந்து நின்றன, செத்தவீட்டுக்கு வந்தவர்கள்போல.

அவற்றின் பின்னாலேயே ஈரத் துவாயோடு நிரஞ்சன் வந்தான்.

“அப்பா! என்ன செய்துபோட்டியள்?”

“தோய்ச்சனான்.”

“இதைப் போய் மிதிக்கிறதே? காயவைக்கிற மெஷினில ரெண்டு டெனிஸ் பந்தும் போட்டுச் சுத்தவிடோணும். பந்து அடிச்சு அடிச்சுத்தான் இறகு பொங்கும்.”

“பந்து இல்லை. தென்னைக்குக் கீழ குரும்பட்டி கிடக்கு.”

வடிவம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். “இந்த மனுசனுக்கு விடியவே விசர் தொடங்கீட்டுது. நீ ஒண்டும் கதையாத, பிள்ளை. கதைச்சா இன்னும் கூடும்.”

வெயில் ஏறி, தண்ணீர் சொட்டுவது நின்றதும், பொக்கற்றுக்கு இரண்டாகக் குரும்பட்டி போட்டு ஜக்கெட்டை நானே மாட்டி, சிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். மெஷின் இல்லாவிட்டால் என்ன, எங்கள் உள்ரோட்டில் குழி இருக்கிறது. சந்திக்குப் போய் வரும் ஒரு தடவைக்கு நானூறு குலுக்கல். இரண்டாம் தடவையில் கட்டிகள் உடைந்தன. மூன்றாம் தடவையில் இறகு பொங்கத் தொடங்கியது. நாலாம் தடவை திரும்பும்போது ஜக்கெட் என்னைப்போல் மூன்று பேரின் பருமன். பின்னாலிருந்து வாடைக்காற்றுப் பிடிக்க, சைக்கிள் நிலத்தைவிட்டு ஒரு முழம் எழும்பியது. வாய்க்காலை அன்றைக்கு நான் மதகால் கடக்கவில்லை.

வீட்டு முற்றத்தில் இறங்கி சிப்பைக் கீழே இழுத்தேன். அசையவில்லை.

உள்ளே இருப்பது எப்படியென்று சொல்லவேண்டும். மாசி வெயில் வெளியே காய்ச்சியது. உள்ளே நான் வேர்த்து நனைத்தேன். ஒருபக்கம் காயக் காய மறுபக்கம் ஈரமானது. இப்படியே விட்டால் இது ஒருநாளும் காயாது என்று விளங்கியது; அதில் எனக்குப் பெரிய கவலை வரவில்லை. கைகள் இரண்டும் பொங்கின இறகில் பக்கவாட்டாக நீட்டிக்கொண்டு நின்றன, மடக்க இயலாது. கொலர் காதுவரை ஏறியிருந்ததால் தலையைத் திருப்பவும் இயலாது. முன்னால் எது நிற்கிறதோ அதைத்தான் பார்க்கலாம். முன்னால் நின்றது வான். சாரதி ஷாமில் அரை மணி நேரம் முந்தியே வந்து, பெட்டியையும் ஏற்றிவிட்டான். கதவு திறந்தபடி இருந்தது.

“ஐயா, கத்திரிக்கோலை எடுங்கோ. ஒரு வெட்டு, சரி” என்றான் ஷாமில்.

“வெட்டவேண்டாம் நானா” என்றான் நிரஞ்சன். “எனக்கு வேற இல்லை. அங்க விடிய அஞ்சு மணிக்கு பஸ்ஸுக்கு நிக்கோணும்.”

“அப்ப ஐயாவையும் ஏத்துவம். எயார்போட்டில வச்சுக் கழட்டட்டும்.”

“நான் கதவுக்குள்ளால போகமாட்டன், தம்பி” என்றேன்.

“நான் நிப்பன் ஐயா. பிளேன் நிக்காது.”

வடிவம்மா தேங்காயெண்ணெய் கொண்டுவந்து சிப்பில் பூசினாள். மெழுகுதிரியைத் தேய்த்தாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு சிப்பை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருடம் ஒரே பானையில் சாப்பிட்டவள் பார்க்கிற பார்வை. எண்ணெய்ப் போத்தலை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

இனி நிரஞ்சனின் முறை. கிட்ட வந்து குனிந்து சிப்பைப் பிடித்தான். விரல்களிலும் மணிக்கட்டிலும், கிழங்கு பொரிக்கிற எண்ணெய் தெறித்துச் சுட்ட சின்னச் சின்ன வட்டத் தழும்புகள். எண்ணத் தொடங்கினேன். மூன்று கிழமையாக வீட்டுக்குள் நடமாடியவன்தான். இவ்வளவு கிட்ட வைத்து அந்தக் கையை நான் பார்க்கவில்லை. பதினொன்றுவரை எண்ணினேன்.

“அசையாம நில்லுங்கோ அப்பா.”

“நிக்கிறன்.”

“நான் போகோணும்.”

“ஆர் உன்னை மறிச்சது? சிப்தான் மறிக்குது.”

அவன் சிரிக்கவில்லை. சிப்பை விடாமல், நெற்றியை என் நெஞ்சில் சாய்த்தான். இறகு அமுங்க அமுங்க அவன் தலை ஒரு சாண் உள்ளே இறங்கியது. காது மட்டும் வெளியே தெரிந்தது. ஷாமில் ஹோர்ன் அடித்தான். முற்றத்துத் தாராக்கள் கலைந்து ஓடின. நிரஞ்சனின் முதுகில் ஒரு கையை வைக்கலாம் என்று முயன்றேன், மடங்கவில்லை. இரண்டு கையையும் நீட்டியபடி, சோளக்கொல்லைப் பொம்மைபோல, வானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிரஞ்சன் பிரான்சுக்குப் போய் இந்த மாசியோடு பன்னிரண்டு வருடம். அங்கே தங்குகிற விசா அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை, ஒரு தடவைகூட ஊருக்கு வந்ததில்லை. பன்றி சும்மா இறங்கவில்லை.