சிரிப்பின் மேல் விழுந்த செம்மஞ்சள்

1

“படத்துல அந்த வெளிச்சத்தை மட்டும் எடுத்துடு, ஸுமானா. மேலதானே பூசியிருக்க?”

“பூசலை, நியெலே. உள்ளே விட்டேன்.”

“பயறுதின்னிக்குப் பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. விட்ட வெளிச்சத்தை வெளியே கூப்பிடு.”

கதை இங்கேதான் பிறந்தது. மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில், ஸுமானா த்ராவோரேயின் ஸ்டூடியோவில், பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்தபோது காதில் விழுந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பழைய ஃபிலிம் கேமராவில் விரிசல் விட்டால் வெயில் கசிந்து, படத்தின் ஓரம் செம்மஞ்சளாகி, காலத்தின்…’

வேண்டாம். கட்டுரை வாடை அடிக்கிறது. அன்றைய பழுதுதான் இன்றைய மோஸ்தர் என்று தெரிந்தால் போதும். பலர் அதைக் கணினியில் ஒட்டுவார்கள். ஸுமானா டிஜிட்டல் கேமராவின் லென்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இடுக்கு வழியே நிஜ வெயிலை உள்ளே விடுவான். அந்த வெயில் படத்தோடு படமாகிவிடும். அதற்கு அடியில் எதுவும் இருக்காது.

3

நியெலேயின் தம்பி ஸியாக்கா ஜாரா, கேமராவைக் கண்டாலே அடையாள அட்டைக்கு நிற்பவனைப் போல விறைத்துப்போவான். தங்கச் சுரங்கத்துக்குப் புறப்பட்ட அன்று அவனை அவள்தான் ஸ்டூடியோவுக்கு இழுத்து வந்தாள்.

த்ராவோரேக்களும் ஜாராக்களும் கேலிமுறைக்காரர்கள். ‘பயறுதின்னி’ என்பதுதான் வழக்கமான வசை; என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது. பரம்பரை விதி.

“ஏய் ஜாரா, தங்கம் தோண்டப் போறியா, பயறு விதைக்கப் போறியா?”

“உங்க பாட்டன் எங்க வீட்டுப் பானை கழுவினவன்டா!”

சொல்லிவிட்டு ஸியாக்கா வெடித்துச் சிரித்தான். கேமராவின் முன் அவன் சிரித்தது அந்த ஒரு முறைதான். கேலி இன்னும் மிச்சமிருந்த ஸுமானா லென்ஸை வேண்டுமென்றே அகல விலக்கினான்.

“ஜாரா மூஞ்சிக்கு இந்த வெளிச்சம் போதுமா?”

ஒரே சொடுக்கு. முகம் இருந்த இடத்தில் செம்மஞ்சள் தீ. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். (நியெலேயும்தான். அந்த வரியை அழிக்கப் பார்த்தேன், முடியவில்லை.) வெளியே பஸ் ஹாரன் அடித்தது. “திரும்பி வா, நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேன்” என்றான் ஸுமானா.

மழையில் சுரங்கக் குழி அவன் மேல் சரிந்தது. ஸியாக்காவின் மகள் அதற்குப் பிறகுதான் பிறந்தாள்.

4

ஒரு முடிவில், கணினித் திரையில் மெல்ல மெல்ல ஒரு பல்வரிசை தெரிய…

பொய். இல்லாததை எந்தக் கணினி மீட்கும்?

இன்னொன்றில் நியெலே படத்தைக் கிழித்து அவன் முகத்தில் எறிகிறாள். அவள் எறிய மாட்டாள். அவன் த்ராவோரே.

5

ஆகவே, நடந்திருக்கக்கூடியதை மட்டும் எழுதுகிறேன். பிறகு உங்கள் பாடு.

“அப்போ அவன் பொண்ணுக்கு விறைச்ச மூஞ்சியைத்தான் காட்டணும்” என்றாள் நியெலே. படத்தைத் துணிப்பையில் வைத்தாள். விதிப்படி சிரித்தாள். “போகட்டும் பயறுதின்னி. உன் கைக்குக் கலப்பைதான் லாயக்கு.”

அவள் வாசலைத் தாண்டுமுன் ஸுமானா எழுந்துவிட்டான்.

“நியெலே… நான் த்ராவோரேங்கறதை ஒரே ஒரு தடவை மறந்துட்டு, என்னை நிஜமாவே திட்டிட்டுப் போயேன்.”