நூற்றைம்பதில் வந்த பந்து

ரொறன்ரோவிலிருந்து செந்தூரனின் மாமா அனுப்பிய பெட்டிக்குள் ஸ்கந்தபுரத்து வெயிலுக்குப் போடவென்று மூன்று தடித்த குளிர்ச்சட்டைகளும், உருகி உறைந்து மறுபடி உருகிய சொக்லேட்டும், மாமாவின் மகன் விளையாடி அலுத்துப்போன ஒரு கேம் பெட்டியும் இருந்தன. கேம் பெட்டியோடு வந்தது ஒரேயொரு சீடி. பேஸ்போல்.

செந்தூரன் கிளிநொச்சியில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் சிசிரிவி கமரா பூட்டுகிறவன். முப்பது வயதைத் தாண்டியும் பேஸ்போல் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது. கிடைத்தது அதுதான் என்பதால் அதை விளையாடினான். கலியாணமும் அவருக்கு அப்படித்தான் நடந்தது என்று அவன் மனைவி ஜெயரூபி சொல்லுவாள். இரண்டிலும் பிறகு பைத்தியமாகிவிட்டார் என்பதையும் அவளே சொல்லுவாள்.

ஒரு மாதத்தில் விதிகளெல்லாம் அவனுக்குப் பாடம். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, கொன்ரோலரைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு பந்தும் மைதானத்துக்கு வெளியே பறந்தது. இந்தத் திறமையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று நண்பன் பிரதாபனைக் கூட்டிவந்தான். பிரதாபன் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்காரன். ஊர்க் கழகத்தின் வேகப்பந்து வீச்சாளன் என்பதால் பந்து, வேகம் என்று எதைப் பற்றிக் கதைத்தாலும் தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்கே என்று நம்புகிறவன்.

"மூலையில என்ன போட்டிருக்கு, வாசி மச்சான். நூற்றைம்பது கிலோமீற்றர். அதைத்தான் நான் அடிக்கிறன்" என்றான் செந்தூரன்.

"வாசிச்சன். என்ர மோட்டச்சைக்கிள் மீற்றரிலயும் நூற்றிருவது போட்டிருக்கு. அது எப்ப போச்சு?" என்றான் பிரதாபன். "நூற்றைம்பதில வாற பந்து கண்ணுக்கே தெரியாதடா. இது வாய்க்கால் வரம்பில எருமை வாற மாதிரி வருது. பந்தில எத்தினை தையல் கிடக்கெண்டு நான் எண்ணிப்போட்டன்."

"பிரதாபன் அண்ணை சொல்லுறது சரி" என்றாள் குசினிக்குள் நின்ற ஜெயரூபி. "எறியிற சத்தம் கேட்டாப்பிறகு நான் கறிக்கு உப்புப் போட்டிட்டு வந்து எட்டிப் பாக்கிறன். பந்து இன்னும் வந்துகொண்டிருக்கு."

"உங்கள் ரெண்டு பேருக்கும் விளங்காது" என்று சொல்லிவிட்டுச் செந்தூரன் இன்னொரு பந்தை வெளியே அடித்தான்.

அடுத்த நாள் அவன் வேலைக்குப் போனதும் ஜெயரூபி கேம் பெட்டியைப் போட்டு, செற்றிங்குகளை ஒவ்வொன்றாகத் தோண்டினாள். விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. மூலையில் தெரிந்த நூற்றைம்பது வெறும் எழுத்து. பந்து உண்மையில் எந்த வேகத்தில் வரவேண்டும் என்பதை லெவல்தான் தீர்மானித்தது. அவளுடைய கணவர் இவ்வளவு நாளும் விளையாடியது தொடக்கக்காரர்களுக்கான அடி லெவல். மாமாவின் மகன் தன் ஏழு வயதில் வைத்ததை யாரும் மாற்றவில்லை. ஜெயரூபி அதை உச்சிக்கு ஏற்றிவிட்டுக் கோழிக்குத் தீன் போடப் போனாள்.

பின்னேரம் செந்தூரன் வந்து அமர்ந்தான். திரையில் எறிபவன் கையைத் தூக்கினான். அடுத்ததாகச் செந்தூரன் கண்டது பிடிப்பவனின் கையுறைக்குள் கிடந்த பந்தைத்தான். நடுவில் எதுவும் நடந்த மாதிரித் தெரியவில்லை.

கரண்ட் ஏறி இறங்குகிறது என்றான். பற்றரி மாற்றினான். சீடியை உடுத்திருந்த சாரத்தால் துடைத்தான். மாமாவின் மகனைப் பழுதான சாமான் அனுப்பினவன் என்று ஏசினான். மூன்று குளிர்ச்சட்டைகளையும் சேர்த்து ஏசத் தொடங்கியபோதுதான் ஜெயரூபி உண்மையைச் சொன்னாள்.

அன்று அவன் சோற்றைக் குனிந்தபடியே சாப்பிட்டான். இத்தனை நாளும் ஏழு வயதுப் பிள்ளையின் பந்தை அடித்துவிட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறோம் என்பது கறியைவிட உறைத்தது. ஆனால் அவன் விடுகிற ஆள் இல்லை. போனில் மெதுவாக ஓடும் படம் எடுக்கும் வசதி இருந்தது. ரீவியையும் பட்டனை அமத்தும் தன் பெருவிரலையும் ஒரே படத்துக்குள் வைத்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இப்ப வாறதுதான் உண்மையான வேகம்" என்று பிரதாபனுக்குப் படத்தைக் காட்டினான். "இன்ரநெற்றிலயும் பாத்திட்டன். உண்மையா எறியேக்கையும் கையை விட்டு அரைச் செக்கனுக்குள்ள பந்து வந்திடும். நீ கொட்டாவி விட வாயைத் துறந்தா, மூட முதல் ஆட்டம் முடிஞ்சுது. பந்தைப் பாத்து, யோசிச்சு, பிறகு அடிக்க நேரமில்லை."

"அப்ப உண்மையா விளையாடுற ஆக்கள் எப்பிடி அடிக்கிறாங்கள்?"

"பாதி பாக்கிறாங்கள், மீதி குருட்டுவாக்கில. ஆனா எனக்கு இன்னொரு கரைச்சல் இருக்கு. பட்டனை அமத்தினா ரீவிக்குள்ள நிக்கிறவன் உடன மட்டையைத் தூக்குறானில்லை. கமரா பூட்டின வீடுகளில பாத்திருப்பாய், முதலாளி கையை ஆட்டுவார், திரையில முதலாளி கொஞ்சம் பிந்தி ஆட்டுவார். அதே பிரச்சினை. இந்த ரீவி பிந்துது."

"அது என்ர அப்பா சீதனமாத் தந்த ரீவி" என்றாள் ஜெயரூபி.

"அதுதான் பிந்துது."

பதிலுக்கு அவள் ரீவியை நிறுத்திவிட்டுப் போனாள்.

ரீவியை மாற்ற வழியில்லாததால் செந்தூரன் தன்னை மாற்றிக்கொண்டான். பந்தைப் பார்ப்பதையே விட்டான். எறிபவனின் முழங்கை மடிந்ததும் பட்டனை அமத்தப் பழகினான். மழைக்காலம் முடிவதற்குள் பத்தில் மூன்று பந்து மட்டையில் பட்டது. பேஸ்போலில் அது பெரிய ஆட்டக்காரர்களின் கணக்கு என்று காண்கிறவர்களுக்கெல்லாம் விளக்கினான். கமரா பூட்டப் போன வீடுகளிலும் விளக்கினான். பலர் பிளேன்ரீ கொடுத்துச் சீக்கிரம் அனுப்பிவைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஒரு சிநேகபூர்வ பேஸ்போல் ஆட்டம் வைப்பது என்று முடிவானது. விளையாட்டு உத்தியோகத்தர் சிவலட்சுமியிடம் மட்டை வந்திருந்தது, கையுறை வந்திருந்தது, விதி தெரிந்த மனிதர் மட்டும் வரவில்லை. இரண்டு பக்கத்திலும் கிரிக்கெட்காரர்களையும் எல்லே என்ற நாட்டு மட்டைப்பந்து விளையாடுகிறவர்களையும் பிடித்து ஆள் சேர்த்தார்கள். பிரதாபன் பகிடிக்குச் செந்தூரனின் நம்பரைக் கொடுத்தான். சிவலட்சுமி போன் எடுத்து ஒரு சந்தேகம் கேட்டார். செந்தூரன் அவருடைய போனில் சார்ஜ் தீரும்வரை விளக்கினான்.

"தம்பி, நீங்கள் வந்து விளையாடுங்கோ" என்றார் அவர், வேறு போனிலிருந்து எடுத்து.

ஆட்டம் கிளிநொச்சியில் நடந்தது. சனம் வந்திருந்தது. பேஸ்போலுக்காக என்று சொல்ல முடியாது, ஐஸ்கிறீம் வானும் வந்திருந்தது. முல்லைத்தீவுப் பக்கத்துக்கு எறிந்தவன் மெல்ரொன் என்ற கடற்தொழிலாளி. அணித்தலைவனும் அவனே. வலை இழுத்து உரமேறிய கை. எறிந்தால் பந்து இரைந்துகொண்டு போகும். எங்கே போகும் என்பது மட்டும் அவனுக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் எறிய முன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். அவனுக்குப் பந்து பிடித்த சுகிர்தன் புதுக்குடியிருப்பைச் சேர்ந்த சைவக்காரன். இரண்டாவது இன்னிங்ஸில் அவனும் சிலுவை போடத் தொடங்கினான்.

செந்தூரனின் முறை வந்தது. ஹெல்மெற்றைச் சரிசெய்து, பார்க்க வந்திருந்த ஜெயரூபியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நின்றான். மெல்ரொனின் முழங்கை மடிந்தது. செந்தூரன் முழுப் பலத்தோடு மட்டையைச் சுழற்றினான். மட்டை ஒரு வட்டம் போய் அவனையும் இழுத்துத் திருப்பியது. பந்து வந்துசேர்ந்தபோது அவன் பின்னால் நின்ற நடுவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, பந்து அடுத்த பஸ்ஸில வருது!" என்று சனத்துக்குள் இருந்து யாரோ கத்தினார்கள்.

அவனுக்குக் காது சூடானது. பிந்தாமல் அடிக்கப் பழகிப் பழகி, இங்கே முந்திவிட்டான். இது சீதன ரீவி இல்லை, இங்கே எதுவும் பிந்தவில்லை. மெல்ரொனின் பந்தும் எவ்வளவுதான் இரைந்தாலும் நூற்றைம்பதில் வரவில்லை. இவ்வளவும் மூளைக்கு விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. அடுத்த இரண்டு பந்துக்கும் அதே கூத்து. மூன்று தடவை வீசித் தவறியதால் ஆட்டமிழந்து வந்து வாங்கில் குந்தினான்.

குந்தியிருந்தவனுக்கு வெட்கத்தில் சனத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால் பந்தைப் பார்த்தான். ஒன்று தலைக்கு மேலால் போனது. ஒன்று நிலத்தைக் கிண்டியது. ஒன்றை நோக்கி, கிரிக்கெட்காரன் என்று அணிக்குப் பிடிபட்டிருந்த பிரதாபன் இரண்டடி பாய்ந்து போய் மட்டையை வீசினான், அப்போதும் எட்டவில்லை. அந்த நேரத்தில் செந்தூரன் வாங்கிலிருந்து எழுந்துவிட்டான்.

"டேய், கேம் சொன்ன பொய் வேகமில்லையடா" என்று ஆட்டமிழந்து வந்த பிரதாபனைப் பிடித்தான். "கேமில எறியிறவன் நினைச்ச இடத்துக்கு எறிவான். அதுதான் பொய். இவன் ஒரு பந்தாவது ஒழுங்கா எறிஞ்சவனே? தோளுக்கும் முழங்காலுக்கும் இடையில, இந்த வெள்ளைத் தட்டுக்கு மேலால வராட்டி அது கெட்ட பந்து. நாங்கள் வீசாம நிண்டா, நாலு கெட்ட பந்துக்கு முதலாம் பேஸ், அடிச்சிட்டு ஓடிப்போய் நிக்கிற முதல் இடம், சும்மா கிடைக்கும். நாங்கள்தான் கண்டதுக்கெல்லாம் வீசி அவனைக் காப்பாத்துறம்."

"அதுக்கு? மட்டையையும் தூக்கிக்கொண்டு வயல் வெருளி மாதிரி நிக்கிறதோ? சனம் பாக்குதடா."

"சனம் ஐஸ்கிறீம் வாங்க வந்தது."

சிவலட்சுமி விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தம்பி சொல்வது சரிதான் என்றார். அதன்பிறகு கிளிநொச்சிக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சும்மா நின்றார்கள். சிலரால் முடியவில்லை, சொறி பிடித்த மாதிரிக் கை பரபரத்து வீசி ஆட்டமிழந்தார்கள். நின்றவர்கள் மெல்ல நடந்து பேஸுக்குப் போனார்கள். சனம் கூவியது. மெல்ரொன் வியர்த்தான். பந்தை வேறொருவனிடம் கொடுக்கச் சொல்லி சுகிர்தன் கெஞ்சியும் அவன் கொடுக்கவில்லை.

கடைசி இன்னிங்ஸில் இரண்டு பக்கமும் சமன். மூன்று பேஸிலும் கிளிநொச்சி ஆட்கள், மூன்றாவதில் பிரதாபன். இன்னொருவன் சும்மா நடந்தால் எல்லோரும் ஒரு பேஸ் முன்னே போவார்கள், பிரதாபன் 'வீடு' என்கிற அந்த வெள்ளைத் தட்டுக்கு வந்து ஓட்டம் எடுப்பான், வெற்றி. முறை செந்தூரனுடையது.

முதல் பந்து எல்லோருக்கும் மேலால் பறந்து ஐஸ்கிறீம் வானில் விழுந்தது. பாட்டு நின்றது. இரண்டாவது புழுதியில் புரண்டது. மூன்றாவது நேராகத் தலைக்கு வந்தது, செந்தூரன் நிலத்தில் விழுந்து எழும்பினான். பிறகு என்ன புண்ணியமோ, மெல்ரொனுக்கு இரண்டு பந்து அடுத்தடுத்து நேராக விழுந்தன. செந்தூரன் இரண்டுக்கும் அசையவில்லை.

"அடியடா! என்னத்துக்குப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்?" என்று மூன்றாவது பேஸிலிருந்து பிரதாபனே கத்தினான். தத்துவமெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தது.

செந்தூரனுக்கும் மறந்துபோனது. நல்ல பந்தை வீசாமல் விட்டாலும் தவறவிட்ட கணக்குத்தான், இன்னொன்றை விட்டால் ஆட்டமிழப்பான். மெல்ரொன் எறிந்தான். பந்து நெஞ்சளவில், தட்டுக்கு மேலால் வருவது போலத் தெரிந்தது. இதை அடிக்கத்தான் வேண்டும் என்று தீர்மானித்தான். அடித்தான்.

பந்து கடைசி நேரத்தில் விலகிப் போனது. சுகிர்தன் பாய்ந்து விழுந்தான். நடுவர் "போல்!" என்று கத்தி, நாலாவது கெட்ட பந்து என்று நாலு விரலைக் காட்டினார். பிரதாபன் காவடி எடுப்பவனைப் போல ஆடியபடி வீடு வந்துசேர்ந்தான். செந்தூரன் அப்போதுதான் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். மட்டை தோளில் அப்படியே இருந்தது. வலது பெருவிரல் மட்டும் மட்டையின் பிடியை நகம் வெளுக்கும்படி அமத்திக்கொண்டிருந்தது.

"என்ன நிதானம், தம்பி! இமைகூட அசையேல்லையே!" என்று சிவலட்சுமி கையைக் குலுக்கினார். செந்தூரன் பெருவிரலை மடித்து மறைத்துக்கொண்டான்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். "சும்மா நிண்டு வெண்டவனை இண்டைக்குத்தான் காணுறம்" என்றான் ஒருவன்.

"ஏன், எங்கட எம்பிமார் வேற என்ன செய்து வெண்டவை?" என்றான் அவனுக்குப் பக்கத்தில் நின்றவன். அதோடு சண்டை வேறு பக்கம் திரும்பி, இரண்டு மாவட்டமும் ஒற்றுமையாகிவிட்டது.

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் வைத்து ஜெயரூபியிடம் மட்டும் அவன் உண்மையைச் சொன்னான். "நான் அடிச்சனான், ரூபி. பெருவிரலால அடிச்சிட்டன்."

அவள் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆட்டம் கண்டது. வாய்க்கால் பாலத்தடியில் நிறுத்தவேண்டியதாயிற்று. முதலில் அவனுக்குக் கோபம் வந்தது, பிறகு அவனும் சிரித்தான். "நீங்கள் வாயைத் துறக்காதேங்கோ, சிவலட்சுமி அக்கா நிதானமெண்டு நினைச்சால் நினைக்கட்டும்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சில கிழமைகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மெல்ரொன் ஒரு பை நிறைய றாலோடு ஸ்கந்தபுரத்துக்கு வந்துவிட்டான். தன்னைத் தோற்கடித்த கேமைப் பார்க்கவேண்டுமாம். செந்தூரன் எறிகிற பக்கத்தை அவனிடம் கொடுத்தான். மெல்ரொன் கொஞ்ச நேரம் எறிந்துவிட்டுக் கொன்ரோலரைக் கதிரையில் வைத்தான்.

"இதென்ன அண்ணை, காட்டுற இடத்துக்கே போகுது? இதில என்ன விளையாட்டுக் கிடக்கு?"

இரண்டு பேரும் றால் பொரியலோடு சோறு சாப்பிட்டார்கள். மாகாண அணிக்குத் தன்னை எடுத்திருக்கிறார்கள், பந்தை நேராக எறிய ஒருவர் பழக்கப்போகிறார் என்று மெல்ரொன் சொன்னான். செந்தூரனுக்கும் அழைப்பு வந்திருந்தது, ஆனால் ஆட அல்ல. எந்தப் பந்துக்கும் அசையாத மனிதர் என்று சிவலட்சுமி சிபாரிசு செய்ததால் அவனை நடுவராகப் போட்டிருந்தார்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அவன் ஒப்புக்கொண்டான். நடுவருக்குச் சீருடை தருவார்கள்.

மாகாண ஆட்டத்தில் மெல்ரொன் சிலுவை போட்டு எறிந்த முதல் பந்து, பிடிப்பவனைத் தாண்டி வந்து நடுவரின் தொடையில் பட்டது. செந்தூரன் ஒரு காலை நொண்டிக்கொண்டே கையை நீட்டி, அது கெட்ட பந்து என்று அறிவித்தான்.