மாமனாரின் புதுக் கை

அந்தப் பட்டறையில் இருந்த பழைய ரோபோவுக்கு மாமனார் என்று பெயர். நன்றாக உழைக்கும், நடுவில் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும், ஏன் என்று கேட்டால் வாயே திறக்காது. பெயர் வைத்தவர் எலக்ட்ரீசியன். கேலி தன் அப்பாவைத்தான் என்று தெரிந்தும் முதலில் சிரித்தவன் அவருடைய மச்சினன். ரோபோவை ஓட்டுவதுதான் அவன் பிழைப்பு.

முதலாளி புதிதாக ஒரு இரும்புக் கை வாங்கிவந்தார். காற்றழுத்தத்தில் பிடித்து, காற்றழுத்தத்தில் விடுகிற கை.

“இதை உங்க மாமனார் கையில மாட்டி ஓட்டிக் காட்டுங்க. முடியலேன்னா இன்னைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடறேன்” என்றார். “அப்புறம் ஓட்டுறவனுக்கும் இங்க வேலை இல்லை.”

மச்சினன் முகத்தில் ஈயாடவில்லை. போன மாதம்தான் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

எலக்ட்ரீசியன் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கிழட்டு ரோபோவின் அவுட்புட்டில் வருகிற மின்சாரம் ஒரு குட்டி பல்பை எரிக்கத்தான் காணும். காற்றைத் திறக்கிற வால்வுக்கு அது எந்த மூலைக்கு? நடுவில் ரிலே என்கிற மின்சுவிட்சைப் போட்டார். அவுட்புட் வந்தால் ரிலே தட்டும், வால்வு திறக்கும், கை மூடிக்கொள்ளும். அவுட்புட் போனால் கை விரியும். பத்துத் தடவை பார்த்தார், பத்துத் தடவையும் சரி. மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

முதலாளி வந்து நின்றார். மாமனார் குனிந்து வார்ப்பிரும்புத் துண்டைக் கவ்வி, தூக்கி, மேடைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தியது.

“பரவாயில்லையே” என்றார் முதலாளி.

மேடையில் மணல் ஒட்டியிருந்தது. மச்சினன் கந்தல் துணியை எடுத்தான். முறைப்படி துண்டை இறக்கி வைத்துவிட்டுத்தான் கைக்கு அடியில் உள்ளே போக வேண்டும். அந்தப் பட்டறையில் யாருக்கு அந்தப் பொறுமை? இடது கையால் மிஷினை நிறுத்துகிற சிவப்புக் குமிழை அமுக்குவார்கள், அமுக்கும்போதே பாதி உடம்பு உள்ளே இருக்கும். எலக்ட்ரீசியனும் அப்படித்தான். பழைய கைக்குள் ஸ்பிரிங் இருந்தது, மின்சாரம் செத்தாலும் பிடி விடாது.

புதுக் கையில் ஸ்பிரிங் இல்லை. குமிழை அமுக்கினால் எல்லா அவுட்புட்டும் போய்விடும்.

மச்சினனின் கை குமிழுக்குப் போகிறபோதுதான் இது எலக்ட்ரீசியன் மண்டையில் உறைத்தது. பாய்ந்து அவன் காலரைப் பிடித்து இழுத்தார். குமிழ் அமுங்கியது. அவன் தலை இருந்த இடத்தில் இரும்பு விழுந்து மேடை நசுங்கியது.



“இரும்புக்காரனுக்குச் சொல்லிடறேன்” என்றார் முதலாளி. “மிஷினுக்கு வயசாயிடுச்சு.”

தலையை ஆட்டியிருந்தால் எலக்ட்ரீசியன் பெயர் கெட்டிருக்காது. “மிஷின் மேல தப்பில்லை. தப்பு என்னோடது” என்றார். “ரெண்டு கம்பிச் சுருள் இருக்கிற வால்வு போட்டிருக்கணும். அது கரண்ட் போனாலும் இருந்த நிலையிலேயே நிக்கும். கோட்டை விட்டுட்டேன்.”

முதலாளி நசுங்கிய மேடையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“சரி, மிஷின் இருக்கட்டும். வால்வை வேற ஆள் மாத்தட்டும். நீங்க இனிமே வர வேணாம்.”

வாசல்வரை மச்சினன் கூடவே வந்தான். “மாமா, நான்தானே உள்ள போனேன்.”

“போனா சாவுற மாதிரி நான்தானேடா கட்டினேன்” என்றார். “இனிமே துண்டை இறக்காம உள்ள போனே, உங்க அக்காகிட்ட சொல்லிடுவேன்.” மாமனாருக்குப் பயப்படாதவன் அதற்குப் பயந்தான்.

காலையிலேயே தம்பி போனில் புலம்பியிருந்தான். வீட்டில் மனைவி கேட்டாள், “தம்பி வேலை தங்குச்சா?”

“தங்குச்சு.”

“அப்பாடா” என்று தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். வாங்க அவர் கையை விரித்தார். உள்ளே ஒரு பச்சைப் பட்டன், நூலோடு. அவ்வளவு தூரம் அதைப் பிடித்துக்கொண்டே நடந்திருக்கிறார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். போன வாரம் அவள் தைத்துக் கொடுத்தது.

“இது தம்பி காலர் பட்டனாச்சே” என்றாள். “உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”