கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே

1

எனக்குச் சங்கீதம் தெரியாது. என் வீட்டுக் கூரைக்குத் தெரியும். மேல்வீட்டில் ஒரு குடும்பம் பாட்டுக் குழு வைத்திருக்கிறது. அவர்கள் பயிற்சி செய்யும்போதெல்லாம் என் கூரைப்பூச்சு தாளம் தப்பாமல் உதிரும். இந்தக் கதையும் அங்கிருந்து விழுந்ததுதான். தலையைத் தட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

2

அவளுடைய விரல்கள் மழைத்துளிகளைப் போலக் கம்பிகளின் மேல்—

வேண்டாம். விரல் விரலாகவே இருக்கட்டும்.

மேல்வீட்டு மருமகள் நாலு கம்பி பேஸ் கிதார் வாசிப்பவள். கணவர் கீபோர்டு, கொழுந்தன் டிரம்ஸ். கொழுந்தனுக்கு வேகப் பைத்தியம். (அவன் தாலாட்டுக்குத் தாளம் போட்டால் குழந்தை எழுந்து ஓடிவிடும்.)

"அண்ணி, சனிக்கிழமை ஆட்டப் பாட்டுல பின்தங்கினீங்கன்னா அவ்வளவுதான். உங்க வேலைய கீபோர்டுல அண்ணனோட இடது கையே பாத்துக்கும். அது சும்மாதான கெடக்கு!"

"என்னை ஏன்டா நடுவுல இழுக்குற?" என்றார் கணவர், இடது கையை மெல்ல மடியில் ஒளித்துக்கொண்டு.

"பாக்கலாம் தம்பி," என்றாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தக் குழுவில் அவளுக்கென்று இருந்தது அந்த நாலு கம்பி மட்டும்தான்.

3

இங்கே ஒரு சிறு கட்டுரை. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

கம்பி உயரமாக இருந்தால் விரல் ஒவ்வொரு முறையும் அதை ஆழமாக அமுக்க வேண்டும். நேரம் போகும், விரலும் நோகும். தாழ்த்தினால் தொட்டாலே போதும், விரல் பறக்கும். ரொம்பத் தாழ்த்தினால், கிதாரின் கழுத்தில் வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகளில் கம்பி உரசிக் கரகரவென்று இரையும். கட்டுரை முடிந்தது.

அவள் கிதாரின் திருகுகளுக்கான குட்டிச் சாவியை எடுத்துக் கம்பிகளைத் தாழ்த்தினாள். இன்னும் கொஞ்சம். இன்னும். கடைசியில் கம்பிக்கு அடியில் ஒரு எறும்பு போயிற்று. அதுவும் தலையைக் குனிந்துகொண்டு.*

* நம்பாதவர்கள் எறும்பையே கேட்டுக்கொள்ளலாம்.

4

சனிக்கிழமை. விருந்து மண்டபம். முதல் பாட்டில் அவள் பின்தங்கவில்லை. கொழுந்தன்தான் மூச்சு வாங்கினான். ஆடியவர்களின் கால்கள் ஒருபக்கமும் செருப்புகள் மறுபக்கமும் போயின. ஆனால் கரகரவென்று ஒரு இரைச்சல், தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்ததுபோல.

(இந்த இடத்தில் அவளை அழவைக்கலாமா என்று யோசித்தேன். அழமாட்டேன் என்றுவிட்டாள்.)

கொழுந்தன் முகம் வெளிறிற்று. ஸ்னேர் டிரம்முக்கு அடியிலும் மெல்லிய கம்பிகள் உண்டு. பேஸ் அதிர்ந்தால் அவையும் சிலசமயம் இரையும். டிரம்ஸ்காரனைத் தவிர வேறு யாரும் இப்படித் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.

"அண்ணி, ஒரு நிமிஷம்! என் ஸ்னேர் மானத்த வாங்குது," என்று அதன் அடியில் தலையை விட்டு டேப் ஒட்டத் தொடங்கினான்.

அவள் திரும்பி நின்று, நாலு கம்பிக்கும் சாவியை ஆளுக்கு அரைச்சுற்று திருப்பிக் கம்பிகளை உயர்த்தினாள். கணவர் பார்த்தார். உடனே மேலே விசிறியை ரசிக்கத் தொடங்கிவிட்டார்.

"இப்ப அடிங்கண்ணி!"

அடித்தாள். சுத்தமாக, தடித்த தேன்போல வந்தது நாதம்.

"பாத்தீங்களா! ஒரே ஒரு டேப்பு! இது தொழில் தெரிஞ்ச கை!"

"உன் கைக்கு மோதிரம் போடணும் தம்பி," என்றாள் அவள்.

5

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். (சொல்வாளா? நீங்களாக இருந்தால்?)

முடிவு இரண்டு: உயர்ந்த கம்பியில் வேகம் வராமல், அடுத்த பாட்டில் அவள்—

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன் குறுக்கே பேசிவிட்டான்.

"அண்ணி, ரொம்ப வேகமா அடிச்சா டேப்பு பிஞ்சிடும். இனிமே வேகத்த நீங்க வைங்க, நான் பின்னாடியே வரேன். கணக்கு சொல்லுங்க."

கணவர் அவசரமாக இருமினார். மண்டபம் காத்திருக்கிறது. அவள் காலால் தட்டுகிறாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

நாலை நீங்கள் சொல்லுங்கள். எத்தனை நிதானமாகச் சொன்னாலும் அவன் காத்திருந்துதான் ஆகவேண்டும்.