தோட்டத்துக்குப் போன தண்ணீர்

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போன அபிதா, காற்றடிக்கும் தொட்டியின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளை நுரை பொங்கி நடைபாதைவரை வழிந்துகொண்டிருந்தது. அங்கே எப்போதும் காப்பி நிறத்தில்தான் நுரை கிடக்கும். ஊர்ச் சாக்கடையைத் தின்று தெளியவைக்கிற நுண்ணுயிர்கள் நல்லபடியாக இருக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். நாலு வருடமாக இந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கெமிஸ்ட்டாக இருக்கிறாள். இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை.

குனிந்தாள். சாக்கடை வாடையே இல்லை. மூக்கில் ஏறியது வேறொரு காட்டமான நெடி. திராட்சைக்கு மருந்தடிக்கும் நாட்களில் பள்ளத்தாக்கு முழுக்க வீசுமே, அது.

எவனோ செப்டிக் டேங்க் லாரியில் பூச்சிமருந்துக் கழிவைக் கலந்து கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். தெளிந்த தண்ணீர் நிற்கும் கடைசித் தொட்டிக்கு ஓடினாள். சோதனைக்கென்று அதில் விட்டிருந்த கெண்டைகள் எல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன.

"ஒச்சாண்டிண்ணே! தோட்டத்து லைன் தொறந்திருக்கா?"

"காலைல வந்ததுமே தொறந்துட்டேன் தாயி. ஏன், என்னாச்சு?" பம்ப் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார் ஒச்சாண்டி.

"மூடுங்கண்ணே. மொதல்ல மூடுங்க!"

சுத்திகரித்த தண்ணீர் குழாய் வழியாகக் கீழே அமானுல்லாவின் திராட்சைத் தோட்டத்துக்குப் போகும். காய்ந்த கசடையும் அவர்தான் உரத்துக்கு வண்டி வைத்து அள்ளிப் போவார். குடிக்கக் கூடாது, குளிக்கக் கூடாது என்று அங்கே போர்டு இருக்கிறது. ஆனால் போர்வெல் கொஞ்சமாய் ஊறுகிற இந்த வெயிலில் போர்டை யார் பார்க்கிறார்கள்? அபிதா அவருக்கு போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஜும்மா நேரம், பள்ளிவாசலில் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார். வீட்டுப் பெண்கள் யாருடைய நம்பரும் அவளிடம் இல்லை.

"இன்ஜினியர் சுரேஷ்கண்ணன் சாருக்குச் சொல்லிருங்கண்ணே" என்று கத்திக்கொண்டே ஸ்கூட்டியை எடுத்தாள்.

மண்பாதையில் வண்டி குதித்தது. காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் போயிருக்கும்? யார் வாயில் பட்டிருக்கும்? ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினாள். தோட்டத்து வேலியோரம் கன்றுக்குட்டி ஒன்று கால்களை உதைத்துக்கொண்டு கிடந்தது. அதன் வாயோரம் எச்சில் கோழையாய் ஒழுகியது.

குழாய்த் தண்ணீர் வந்து நிறையும் தோட்டத்துத் தொட்டியடியில், துணி துவைக்கும் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அமானுல்லாவின் மருமகள் ஷர்மின். பாதி துவைத்த துணிகள் தண்ணீரில் கிடந்தன. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"ஷர்மின்! இந்தத் தண்ணியக் குடிச்சியா?"

"குடிக்கலக்கா... மொகந்தான் கழுவுனேன். கிறுகிறுன்னு வருது. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன்."

முகத்தில் வேர்வை ஊற்றியது. அபிதா அவள் கண்ணை விரித்துப் பார்த்தாள். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து விஷம் ஏறியதற்கு அதுதான் அடையாளம்.

"வீட்ல யாரு இருக்கா?"

"மாமா தொழுகைக்குப் போயிருக்காக. மாமி கம்பத்துக்குப் போயிருக்காக."

வீட்டுக் குடத்தில் இருந்த போர்வெல் தண்ணீரை அவள்மேல் ஊற்றி, நனைந்த சேலையை உருவி எறிந்து, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கொடியில் கிடந்த நைட்டியை மாட்டிவிட்டு, தன் துப்பட்டாவால் அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். வழியெல்லாம் முதுகில் அவள் தலை இடித்தது.

"ஷர்மின், பேசு. ஏதாச்சும் பேசிக்கிட்டே வா."

"என்னத்தப் பேச..." என்றாள். பிறகு பேச்சில்லை. அதற்கப்புறம் அபிதாவுக்கு ரோடு தெரியவில்லை. முதுகில் படும் மூச்சு நின்றுவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன மருந்து?" என்று கேட்டார்.

"பேரு தெரியல டாக்டர். திராட்சைக்கு அடிக்கிற பூச்சிமருந்து வாசம். எங்க பிளான்ட்டுல மீனெல்லாம் செத்துருச்சு."

உடனே ஊசி போட்டார்கள். ஷர்மின் பிழைத்துக்கொண்டாள். கன்றுக்குட்டி சாயங்காலமே செத்துப்போனது.

லாரியைக் கொண்டுவந்தவன் அகப்படவில்லை. இன்ஜினியர் சுரேஷ்கண்ணன், சோதிக்காமல் எந்த லாரியையும் உள்ளே விடக் கூடாதென்று கேட்டைப் பூட்டினார். விஷம் கலந்த தண்ணீரையும் கசடையும் தனியே எடுத்து அப்புறப்படுத்தினார்கள். வேறொரு நிலையத்திலிருந்து நுண்ணுயிர்கள் உயிரோடிருக்கும் கசடைக் கொண்டுவந்து கலந்தார்கள். நுரை மெல்ல மெல்லக் காப்பி நிறத்துக்கு வந்தது. மதுரைக்கு அனுப்பிய சோதனை முடிவுகளும் நல்லபடியாக வந்தன. ஆனாலும் தோட்டத்து லைனைத் திறக்கச் சொல்ல அபிதாவுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் அமானுல்லா நேரில் வந்தார்.

"கொடியெல்லாம் காயுது தாயி. எப்ப விடுவீக?"

"ரிசல்ட் வந்துருச்சு பாய். சுத்தமா இருக்குன்னுதான் போட்டிருக்காக. எனக்குத்தான் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் பயமில்லையா? இன்னைக்கும் மருமக கை நடுங்குது." அவர் வெயிலைப் பார்த்தார். "வேற தண்ணி எங்கன இருக்கு, சொல்லு."

அபிதா ஒச்சாண்டியைத் திறக்கச் சொல்லிவிட்டு, அமானுல்லாவின் பின்னாலேயே தோட்டத்துக்குப் போனாள். தண்ணீர் வந்து தொட்டி நிறையும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். ஓசை கேட்டு அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள். வீட்டுக்குள் இருந்த ஷர்மின் மட்டும் கதவைத் திறக்கவில்லை.