ஈய வாடை

நாலாவது திருகாணியையும் கழற்றிச் சாஸரில் போட்டாள் க்ளெனிஸ். நோரீனின் கல்யாணத்துக்கு வந்த செட்டில் மிஞ்சியிருந்த ஒரே சாஸர் அது. கேட்காமலே எடுத்துக்கொண்டாள். கழுவிக் கவிழ்த்த தட்டுகளின் மேலேதான் இருந்தது, யாராயிருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பார்கள். ஆனாலும் நோரீனுக்குப் பொறுக்கவில்லை.

மணி பத்தேகால். பதினோரு மணிக்குச் சவ வண்டி வந்துவிடும். சமையலறை மேஜையில் பழைய போர்வையை விரித்து, அதன்மேல் டெஸ்மண்டின் ஆம்ப்ளிஃபயரை வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நோரீனின் கணவர் டெஸ்மண்ட் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவருக்குப் பிடித்த பித்தளை வாத்தியக் குழுவின் இசைத்தட்டைத் தகனக்கூடத்துப் பாட்டுப் பெட்டியில் போடக்கூடாது, தன் கையால் கட்டிய செட்டில்தான் போடவேண்டும். மகள் லொரெய்ன் தகனக்கூடத்துக்கு மூன்று முறை போன் செய்து அனுமதி வாங்கிவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் போட்டுப் பார்த்தால் இடது பக்கத்தில் சத்தமே இல்லை.

லொரெய்ன் அம்மாவைக் கேட்காமல் க்ளெனிஸுக்குச் சொல்லி அனுப்பினாள். ஏன் என்று கேட்டதற்கு, அவர்களை விட்டால் வேறு யாரம்மா என்றாள். முப்பத்தாறு வருஷமாக நோரீன் கேட்டுச் சலித்த பேச்சு அது. டெஸ்மண்ட் செட்டைக் கட்டுவார், அடுத்த மேஜையில் க்ளெனிஸ் அதைச் சோதிப்பாள். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் ஆரம்பிக்கும் பேச்சில் பாதி ‘க்ளெனிஸ் சொன்னா’ என்றுதான் ஆரம்பிக்கும். மழையைப் பற்றி க்ளெனிஸ் சொன்னது, அரசாங்கத்தைப் பற்றி க்ளெனிஸ் சொன்னது.  நோரீன் குழம்புக் கிண்ணத்தைக் கொஞ்சம் ஓங்கி வைப்பாள், அவ்வளவுதான்.

ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு மட்டும் அந்தத் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறாள். ஆற்றோரத்துப் பழைய கம்பளி ஆலைக் கட்டிடம்தான் அது. டெஸ்மண்டைக் கடந்து போன க்ளெனிஸ், அவர் காலரில் ஒட்டியிருந்த ஒரு துண்டுக் கம்பியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போனாள். பேச்சைக்கூட நிறுத்தவில்லை. அதை நோரீன் இன்றுவரை மறக்கவில்லை. அவர்களுக்குள் என்ன இருந்தது என்று டெஸ்மண்டைக் கேட்க அவளுக்கு வாய் வந்ததே இல்லை. இன்று மத்தியானம் அவர் சாம்பலாகிவிடுவார். கேட்க வேண்டுமென்றால் இவளைத்தான் கேட்க வேண்டும்.

க்ளெனிஸ் மூடியைத் தூக்கித் திருப்பி வைத்தாள். உள்பக்கத் தகட்டில் பென்சில் எழுத்து. மேலே டி.எச். கீழே ஜி.எஸ்.

“இது என்ன?”

“கையெழுத்து. கட்டினவர் மேல போடுவார், டெஸ்ட் பண்ணவங்க கீழ போடுவோம். ரிப்பேர்னு திரும்பி வந்தா யாரத் திட்டறதுன்னு தெரியணுமில்ல.”

டெஸ்மண்ட் ஹெய். க்ளெனிஸ் சைக்ஸ். கல்யாணப் போட்டோவுக்கு நேர் கீழே இருந்தது இந்தப் பெட்டி. வாரம் தவறாமல் துடைத்துவந்தவள் நோரீன்.

“எத்தன பெட்டில இப்படி இருக்கு?”

“எண்ணினதில்ல நோரீன். எல்லாத்துலயுந்தான். ஜெர்மனி, ஜப்பான்னு எங்கெங்கயோ போச்சே.”

முன்பின் தெரியாதவர்கள் வீடுகளில், இருட்டில், திருகாணி போட்டு மூடி, அவருடைய பெயரும் இவளுடைய பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாகக் கிடக்கின்றன. நோரீனின் பெயரும் அவர் பெயரும் சேர்ந்திருப்பது சர்ச் பதிவேட்டில் ஒரே ஒரு பக்கத்தில்.

“அவர் ரிடையர் ஆகறவரைக்கும் சேர்ந்து எழுதினீங்களாக்கும்.”

“இல்லயில்ல. ரெண்டாயிரத்தி ஆறோட சரி.” சொல்லிவிட்டு க்ளெனிஸ் சட்டென்று குனிந்து கம்பிகளுக்குள் எதையோ தேடினாள்.

“அதுக்கப்புறம் பதினாலு வருஷம் வேல பாத்தாரே.”

“அப்புறம் மூடியத் திறக்கற வேலையே இல்ல.”

“திறக்காம எப்படிக் கட்டினீங்க?”

க்ளெனிஸ் நிமிர்ந்தாள். “அவர் உங்ககிட்டச் சொல்லவே இல்லயா?”

அந்தக் கேள்விக்காகவே அவளை வாசலுக்கு வெளியே தள்ளலாம் போலிருந்தது. நோரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

விஷயம் சின்னதுதான். ரெண்டாயிரத்தி ஆறிலிருந்து செட்டுகள் சீனாவிலேயே முழுசாகத் தயாராகிக் கப்பலில் வந்தன. ஆலையில் மிஞ்சியது ஓர் அறை, இரண்டு பேர். அட்டைப்பெட்டியின் டேப்பை வெட்டிச் செட்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். இங்கத்து மூன்று முள் பிளக்கை மாட்டுவார்கள். பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். முன்பு ‘இங்கிலாந்தில் செய்தது’ என்றிருந்த ஸ்டிக்கர் இப்போது ‘இங்கிலாந்தில் வடிவமைத்தது’ என்று வந்தது. ஒரே ஒருமுறை டெஸ்மண்ட் ஒரு செட்டைத் திறந்து அரை மணி நேரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கைவேலை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்றாள் க்ளெனிஸ்.

நோரீனுக்கு முகம் எரிந்தது. இறைச்சிக் கடையில் வைத்து எல்லார் முன்னாலும் மச்சினனோடு சண்டை போட்டிருக்கிறாள். உங்கள் டிவியும் கெட்டிலும் வேண்டுமானால் எங்கேயாவது செய்ததாக இருக்கட்டும், என் வீட்டுக்காரர் செட்டு இன்றைக்கும் இந்த ஹடர்ஸ்ஃபீல்டில், அவர் கையால் செய்தது என்று. அப்போது டெஸ்மண்ட் பக்கத்தில்தான் நின்றார். தொங்கவிட்டிருந்த பன்றித் தொடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொய்,” என்றாள். “தினமும் வாசல்ல வச்சே மோந்து பாப்பேன். ஸ்வெட்டர் பூரா ஈய வாடை. போய்க் கையக் கழுவிட்டு வாங்கன்னு பதினாலு வருஷமும் நான் சொல்லியிருக்கேன். பிளக் மாட்டினா அந்த வாடை வருமா?”

 க்ளெனிஸ் சாஸரிலிருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்தாள்.

“நாலேகாலுக்கு சால்டரிங் அயர்ன சூடு பண்ணுவார். பழைய ஈயச் சுருள் ஒண்ணு ட்ராயர்ல வச்சிருந்தார். புது ஈயத்துல அந்த வாடை வராதாம். கொஞ்சம் உருக்குவார். சும்மாதான். ஸ்வெட்டர் கைய அந்தப் புகைல பிடிப்பார். ‘நோரீன் மோந்து பாப்பா’ம்பார்.”

“தினமுமா?”

“தினமும்.”

“நீ பாத்துக்கிட்டே இருந்த.”

“இருக்கறது ஒரு ரூம். நான் வேற எங்க போவேன்?”

அவர் க்ளெனிஸுக்கு முத்தம் கொடுத்திருந்தால்கூட நோரீனுக்கு என்ன சொல்லித் திட்டுவது என்று தெரிந்திருக்கும். இதற்கு வார்த்தை இல்லை. அவமானத்தை இவளிடம் இறக்கி வைத்துவிட்டு, வெறும் வாடையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்த வாடை தனக்காக என்பதும் உண்மை. அந்த அழகை உட்கார்ந்து பார்த்தவள் இவள். 

“இங்க பாருங்க, இந்தப் பத்தவச்ச இடந்தான் விட்டிருக்கு,” என்று கம்பி ஒன்றைக் காட்டினாள் க்ளெனிஸ். பையிலிருந்து சால்டரிங் அயர்னை எடுத்துச் சுவரில் செருகினாள். அதன் பிடியில் நீல நிறத் துணி டேப் சுற்றியிருந்தது. அவர் விரலைச் சுட்டுக்கொண்ட வாரம் தன் தையல் பெட்டியிலிருந்து நோரீன் கொடுத்தனுப்பிய டேப்.

“அது அவரோடது.”

“ரிடையர் ஆன அன்னிக்குக் குடுத்தார். இனிமே வீட்லதான இருக்கப்போறேன், இது எதுக்குன்னார்.”

ஈயம் உருகியது. மெல்லிய புகை எழுந்து மேஜைக்கு மேலே படர்ந்தது. பிசினும் இரும்பும் கலந்த அதே வாடை, சாயங்காலம் ஐந்து மணியின் வாடை. கறுப்பு உடுப்பில் உள்ளே வந்த லொரெய்ன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனாள்.

“அதத் தொடாத,” என்றாள் நோரீன்.

மகள் கையை எடுத்துவிட்டாள்.

முன்னறையில் இணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் பேசியது. வாத்தியங்கள் வீடு முழுக்க எழுந்தபோது லொரெய்ன் அழ ஆரம்பித்தாள். க்ளெனிஸ் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, ரிப்பேர் செய்தாலும் கையெழுத்துப் போடுவது வழக்கம் என்றாள். பென்சிலை நோரீன் பக்கம் நீட்டி, நீங்களே போடுங்களேன் என்றாள். தான் எதையும் கட்டவில்லை என்று சொல்லிவிட்டு நோரீன் சமையலறைக்குத் திரும்பிப் போனாள்.

சவ வண்டி ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. போர்வையை மடித்த க்ளெனிஸ் மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நாற்காலிகளுக்குக் கீழே குனிந்தாள்.

“அயர்ன இங்கதான வச்சேன்?”

“நேரமாச்சு,” என்றாள் நோரீன், கையுறையை மாட்டிக்கொண்டே. “அப்புறமாத் தேடிக்கலாம்.”

பின்னால் சென்ற காரில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆம்ப்ளிஃபயர் க்ளெனிஸின் மடியில் இருந்தது. நோரீனின் மடியில் கறுப்புக் கைப்பை, அதற்குள் பாத்திரம் துடைக்கும் துணியில் நாலு சுற்றுச் சுற்றிய அயர்ன். பையின் தோலைத் தாண்டி இளஞ்சூடு தொடையில் படிந்துகொண்டிருந்தது. பழைய ஆலைக்குப் பக்கத்தில் கார் திரும்பியபோது, கைப்பையை மெதுவாக நகர்த்தி, க்ளெனிஸ் இல்லாத பக்கத்துத் தொடையில் வைத்துக்கொண்டாள்.