செட்டரின் அப்பா

கல்யாண மண்டபத்தில் போட்டோக்காரரைவிடப் பெரிய அதிகாரி கிடையாது. பெண்ணைப் பெற்றவரே ஆனாலும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அவர் சொன்னால் தள்ளித்தான் நிற்க வேண்டும். அந்த அதிகாரத்தை நம்முடைய போட்டோக்காரர் இருபது வருஷத்துக்கு மேல் குறையில்லாமல் செலுத்தியவர். அவர் தொழிலுக்கு ஒரே ஒரு விதிதான்: மணப்பெண்ணை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. ஆயிரம் பேர் வந்துபோனாலும் ஆல்பத்தைப் புரட்டும்போது எல்லோரும் தேடுவது அந்த ஒரு முகத்தைத்தான். பெண் சிரிக்கட்டும், கொட்டாவி விடட்டும், மூக்கைச் சிந்தட்டும். சரியான வெளிச்சம் முகத்தில் விழுந்த நொடியில் "இங்க பாரும்மா" என்பார். அவர் குரலில் என்ன இருந்ததோ, எப்பேர்ப்பட்ட கூச்சக்காரியும் நிமிர்ந்து பார்த்துவிடுவாள்.

கல்யாணமும் ரிசப்ஷனும் பெரும்பாலும் சனி ஞாயிறுகளில்தான் நடக்கின்றன. அவருடைய மகளின் பள்ளிக்கூட நாடகம், ஓட்டப்பந்தயம், பிறந்தநாள் எல்லாமும் பாழாய்ப்போன அதே சனி ஞாயிறுகளில்தான் வந்து தொலைந்தன. ஊரில் உள்ள பெண்களையெல்லாம் தேவதை மாதிரி எடுத்துக்கொடுத்த மனுஷனிடம் சொந்த மகளின் படம் என்று பார்த்தால் பால்பல் விழுந்ததோடு நின்றுவிட்டது. அவரும் மனைவியும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள் என்று சொன்னால் அது பொய். சண்டை போடுவதற்குக்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. ஒருநாள் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையின் அருமை தெரிந்தது. வந்த ஆர்டர்களைத் தட்டிக்கழித்துவிட்டு, வாரம் தவறாமல் மகளை ஒரு காபிக் கடையில் பார்ப்பார். அவள் போனைப் பார்ப்பாள். அவர் அவளைப் பார்ப்பார். "படிப்பு எப்படிம்மா போகுது?" என்றால் "போகுது" என்பாள். அதுவாவது நடந்துகொண்டிருந்தது. அவள் கல்லூரியில் சேர்ந்ததும் அதற்கும் ஆபத்து வந்தது.

"இனிமே ஞாயித்துக்கிழமை முடியாதுப்பா. வாலிபால் டீம்ல சேர்ந்திருக்கேன். காலையில பிராக்டீஸ், இல்லன்னா மேட்ச்."

"நான் வந்து பாக்கலாமாம்மா?"

"அது பொது ஹால். யார் வேணும்னாலும் வரலாம்" என்று சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

யார் வேண்டுமானாலும் வரலாம். அந்த யாரோவில் ஒருவராகத்தான் அவர் முதல் தடவை போய் மேலே பெஞ்சில் உட்கார்ந்தார். தகரக் கூரை போட்ட பழைய ஹால். ரப்பர் ஷூவும் வியர்வையும் கலந்த வாசனை. கீழே ஆறு பெண்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கேப்டன், ஒரு நர்ஸ், எல்லோரும் நெட்டச்சி என்று கூப்பிடும் தையல்காரப் பெண், அக்கா தங்கை இரண்டு பேர், அப்புறம் அவர் மகள். வேலை வெட்டியெல்லாம் போக மிச்சமிருக்கிற நேரத்தில் ஆடுகிறவர்கள். கோப்பை வாங்கி அலமாரியை நிரப்பும் ஆசையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. மேலே இருந்து பார்த்தால் மகளின் உச்சந்தலைதான் தெரிந்தது. கீழே எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்க என்ன வழி என்று யோசித்தார். போட்டோக்காரருக்கு வேறு என்ன வழி தோன்றும்?

ஆட்டம் முடிந்ததும் கேப்டனிடம் போய், "உங்க டீமை நான் போட்டோ எடுத்துத் தரட்டுமாம்மா? சும்மாதான். எனக்கும் புதுசா ஒண்ணு கத்துக்கிட்ட மாதிரி இருக்கும்" என்றார்.

கேப்டனுக்கு வாயெல்லாம் பல். "தாராளமா வாங்கண்ணே! எங்களை இதுவரைக்கும் யாரும் செல்போன்லகூட எடுத்ததில்ல."

மகள் காலுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் நாள் அவர் மூக்கு நன்றாகவே உடைபட்டது. கல்யாணத்தில் எல்லோரும் காமிராவுக்காகக் காத்திருப்பார்கள். இங்கே ஒருத்தியும் காத்திருக்கவில்லை. நெட்டச்சி எம்பி அடிப்பதைக் கண்டு இவர் அமுக்குவதற்குள் பந்து தரையைத் தொட்டு, எதிர் சுவரில் மோதி, யாரோ அதை எடுத்துவர நடந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் படங்கள் இருட்டு, மீதிப் படங்கள் கலங்கல். ஒன்றில் ஒரு முழங்கை மட்டும் இருந்தது. அது யாருடையது என்று இன்றுவரை தெரியாது. இத்தனை வருஷ அனுபவஸ்தர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் மனுஷன் விடவில்லை. ஆட்டத்தைப் படிக்க ஆரம்பித்தார். எதிரணி அடிக்கும் பந்தை ஒருத்தி எடுத்து மேலே அனுப்புகிறாள். இரண்டாவதாக அதைத் தொடுபவள் செட்டர். அவள் தூக்கிக் கொடுத்தால்தான் மூன்றாவது ஆள் அடிக்க முடியும். ஆக, பந்து எங்கே போகப்போகிறது என்பது செட்டரின் விரலுக்குத்தான் தெரியும். செட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அடி விழுவதற்கு முன்னாலேயே காமிராவைத் திருப்பிவிடலாம். அந்த டீமின் செட்டர் அவர் மகள்.

அவருக்குக் கசக்குமா? கண்கொத்திப் பாம்பாக அவளையே பார்த்தார். பந்து வருமுன் உதட்டைக் கடிக்கிறாள். தோற்ற பாயிண்டுக்குப் பிறகு முட்டியைத் தட்டிக்கொள்கிறாள். மற்றவர்கள் கத்தும்போது அவள் கத்துவதில்லை. விரலால் ஜாடை காட்டுகிறாள். பெற்ற மகளைப் பற்றி இதெல்லாம் தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு வலைக்குப் பக்கத்தில் முட்டி போட வேண்டியிருந்தது. அந்த மாசம் அவர் சந்தோஷமாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்தார்.

படங்களை டீமின் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது நர்ஸ்தான் முதலில் வாய் திறந்தாள். "அண்ணே, படமெல்லாம் பிரமாதம். ஆனா டீம்ல நாங்க இன்னும் அஞ்சு பேர் இருக்கோம், மறந்துராதீங்க!"

அசடு வழிந்தது. எண்ணிப்பார்க்கக்கூடத் தேவையில்லை, படம் முழுக்க மகள்தான் இருந்தாள். அவர் எடுத்துவைத்திருந்தது ஒரு மணப்பெண் ஆல்பம்.

அடுத்த வாரம் மகள் தானாகவே அவரிடம் வந்து பேசினாள். "எல்லாரும் கிண்டல் பண்றாங்கப்பா. எடுத்தா எல்லாரையும் எடுங்க. இல்லன்னா வராதீங்க."

"சரிம்மா. சரிம்மா. எல்லாரையும் எடுக்கிறேன்."

சொன்னபடியே எடுத்தார். மகளின் விரலைப் பார்ப்பார், பந்தை அடிக்கிறவளைப் படம் எடுப்பார். நெட்டச்சி அந்தரத்தில் நிற்கும் படத்தைத் தையல் கடையில் பிரேம் போட்டு மாட்டினார்கள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு விழும் படத்தைப் பார்த்து ஹாலே சிரித்தது. பக்கத்து டீம்காரர்கள்கூட "எங்களுக்கும் வாங்களேன்" என்று கேட்டார்கள். ஒருநாள் போனில் மகளின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பூனைப் படம் போய், வலைக்கு முன்னால் கைகளை உயர்த்தி நிற்கும் அவள் படம் வந்திருந்தது. அவர் எடுத்தது. அன்றைக்கு அதை எத்தனை தடவை திறந்து பார்த்தார் என்பதற்குக் கணக்கே இல்லை.

இப்படியே போயிருக்கலாம். போகவில்லை.

வட்டாரப் போட்டியில் அரையிறுதி. அந்த டீம் அவ்வளவு தூரம் வந்ததே இல்லை. கடைசி செட், இழுபறி. எதிரணிக்கு இன்னும் ஒரு பாயிண்ட் கிடைத்தால் கதை முடிந்தது. ஹாலில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். போட்டோக்காரர் கோட்டுக்கு வெளியே முட்டி போட்டு, காமிராவைக் கண்ணில் ஒட்டிவைத்திருந்தார். எதிரணியின் பந்தை நர்ஸ் விழுந்து எடுத்தாள். அது அழகாக மேலே எழும்பியது. அதற்குக் கீழே மகள் வந்து நின்றாள்.

கூரைக்குக் கீழே இருந்த ஜன்னல் வழியாக வெயில் வந்து அவள் முகத்தில் விழுந்தது. பாதி முகம் வெளிச்சம், பாதி நிழல். நெற்றியில் ஒட்டிய முடி. அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் எத்தனையோ மண்டபங்களில் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறார். இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பினால் போதும். அந்த நொடியில் அவருக்கு ஆட்டம் மறந்தது, பந்து மறந்தது. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொன்னது.

"பாப்பா, இங்க பாரும்மா."

அவள் திரும்பினாள்.

பந்து அவள் விரல் நுனியில் பட்டுத் தோளில் விழுந்து தரைக்குப் போனது. விசில் ஊதினார்கள். எதிரணிப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். அவள் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விரல் அமுக்கிவிட்டிருந்தது. படம் வந்திருந்தது.

யாரும் அவரைத் திட்டவில்லை. கேப்டன் வந்து, "விடுங்கண்ணே, ஆட்டம்னா இதெல்லாம் சகஜம்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. மகள் படிக்கட்டுக்கு அடியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"பாப்பா, பழக்கதோஷம்மா. வேணும்னு பண்ணல. தெரியாம வாயில வந்துருச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பார்.

"தோத்தது பரவால்லப்பா" என்றாள். "சின்ன வயசுல நான் எத்தனை தடவை உங்களைக் கூப்பிட்டிருப்பேன்? இங்க பாருங்கப்பா, இங்க பாருங்கப்பான்னு. நீங்க கம்ப்யூட்டர்ல யாரோ ஒரு பொண்ணோட முகத்தைச் சரிபண்ணிக்கிட்டே இருப்பீங்க. ஒரு தடவை திரும்பினதில்ல. இன்னிக்கு நீங்க ஒரே ஒரு தடவை கூப்பிட்டீங்க. நான் எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பிட்டேன். அதுதான்ப்பா எனக்குத் தாங்கல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒன்றைக்கூட இல்லை என்று மறுக்க முடியாது. குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அதைத் திருகி மூடிவிட்டு அங்கேயே நின்றார்.

அடுத்த ஞாயிறு ஹாலில் அவள் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. காய்ச்சலோ என்று கேட்டதற்குக் கேப்டன் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "டீமை விட்டு நின்னுட்டாண்ணே. ஏன்னு கேட்டா படிப்புங்குறா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. நீங்க வழக்கம்போல வாங்க. உங்களை நம்பித்தான் பிள்ளைங்க தலைவாரிக்கிட்டு வருதுங்க!"

கேப்டன் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அவரும் சிரித்துவைத்தார். அன்றைக்கு பிராக்டீஸில் நர்ஸ் செட்டராக நின்றாள். அவர் எடுத்த படங்கள் ஒன்றுகூடச் சோடைபோகவில்லை. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் அதை நினைத்துத்தான் தட்டைத் தள்ளிவைத்தார். மகளைப் பார்க்கவென்று ஒரு இடத்துக்குப் போய், அந்த இடத்தில் அவளுக்கு இடமில்லாமல் பண்ணிவிட்டு, அங்கே அவர் மட்டும் ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவள் வளர்ந்த வீட்டிலும் இதே கதைதான். அங்கேயும் அவளும் அவள் அம்மாவும் போனார்கள், அவர் இருந்தார்.

காலையில் கேப்டனுக்குப் போன் பண்ணினார்.

"கல்யாண சீசன் ஆரம்பிச்சிருச்சும்மா. ஞாயித்துக்கிழமை எல்லாம் ஆர்டர். இனிமே என்னால வர முடியாது."

"என்னண்ணே இப்படி திடீர்னு?"

"பொழப்பைப் பாக்கணும்ல? பாப்பாகிட்டயும் சொல்லிருங்க. அப்பா இனிமே வரமாட்டார்னு தெளிவா சொல்லிருங்க."

மருந்துக்கடையில் யாரோ தலைவலி மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சொல்றேண்ணே" என்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவருக்கு ஆர்டர் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துப் போட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி வாக்கில் போன் அடித்தது.

"அண்ணே, வந்துட்டா" என்றாள் கேப்டன், ரகசியமாக. "ஷூ மாட்டிக்கிட்டு இருக்கா."

"நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. நீங்க கேட்டீங்கன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. விளையாடட்டும்."

"சரிண்ணே, கூப்பிடுறாங்க. அப்புறம் பேசுறேன்."

அவசரத்தில் அவள் போனை அணைக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். இவரும் அணைக்கவில்லை. பந்து தரையில் மோதும் சத்தம் கேட்டது. ஷூக்கள் கிறீச்சிட்டன. நெட்டச்சியின் கத்தல், விசில், கைதட்டல். ஒவ்வொரு பந்துக்கும் இரண்டாவதாக வரும் அந்த மெல்லிய தட்டலை மட்டும் பிடித்துவிட முடியுமா என்று கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தார். எல்லாச் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து வந்தது.

நடுவில் ஏதோ வேடிக்கை நடந்திருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு மற்றவர்களுடையது அடங்கிய பிறகும் நிற்கவில்லை, மூச்சு வாங்க வாங்க நீண்டது. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். அது அவள்தானா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவள் சிரித்து அவர் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.